ஸெல்டா எழுதியது எது, அவரிடமிருந்து பறிக்கப்பட்டது எது?

நீங்கள் கேட்டிருப்பது இது: "'தி கிரேட் கேட்ஸ்பி'யை உண்மையில் எழுதியது ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி ஸெல்டாதான், அவர் அதைத் திருடிக்கொண்டு மனைவியை மனநல விடுதியில் அடைத்துவிட்டார் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?" இந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஸ்காட் திருடினாரா, ஸெல்டாவின் நோய்க்கு அவர் காரணமா என்பவை இரண்டு. மூன்றாவதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் உங்களைக் கேட்க வைத்ததே அதுதான் என்று நினைக்கிறேன்: அந்தப் பெண்ணுக்கு அநியாயம் நடந்ததா? நடந்தது. ஆனால் வீடியோக்காரர் தேடிய இடத்தில் அது இல்லை. அவர் தேடாத இடத்தில், கணவரே கூப்பிட்டு உட்காரவைத்த சுருக்கெழுத்தரின் குறிப்பில், வார்த்தைக்கு வார்த்தை பதிவாகிக் கிடக்கிறது.

அமெரிக்க நாவலைப் பல வருடங்களாக முதுகலை மாணவர்களுக்கு நடத்திவருகிறேன். ஸ்காட்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல் பாடத்தில் இருப்பதால் வருடா வருடம் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வருவார். இருவரின் கடிதங்களும், ஸெல்டாவின் கதை, நாவல், கட்டுரைகளும் அச்சில் கிடைக்கின்றன. அவற்றைப் படித்த பழக்கத்தில் இருந்துதான் பேசுகிறேன். மருத்துவம் என் துறை அல்ல. நோயைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். ஸெல்டா சேயர் 1900 ஜூலை 24 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் பிறந்தவர். வீட்டுக்குக் கடைக்குட்டி. அப்பா அலபாமா உச்ச நீதிமன்ற நீதிபதி, சிரிப்புக்கும் பேச்சுக்கும் கணக்குப் பார்க்கிற மனிதர். மகள் நேர் எதிர். நன்றாக நடனம் ஆடுவார், நீந்துவார், ஊர் என்ன பேசும் என்று கவலைப்பட மாட்டார். 1918 ஜூலையில் உள்ளூர் கிளப் ஒன்றின் நடன விருந்தில் ஸ்காட்டைச் சந்திக்கிறார். பக்கத்து ராணுவ முகாமில் இருந்த இளம் லெஃப்டினன்ட், அச்சாகாத ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர். பேசி முடிவான கல்யாணம் 1919இல் ஒருமுறை முறிந்தது. அதே வருடம் செப்டம்பரில் ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகம் அந்த நாவலை ஏற்றுக்கொண்டது. 1920 மார்ச் 26இல் 'திஸ் சைட் ஆஃப் பேரடைஸ்' வெளிவந்தது. எட்டாம் நாள், ஏப்ரல் 3 அன்று, நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தில் கல்யாணம். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் வரவில்லை. ஸெல்டாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அடுத்த வருடம் அக்டோபரில் மகள் ஸ்காட்டி பிறந்தாள். புகழ், பணம், குடி, ஹோட்டல் ஹோட்டலாக மாறுவது, நியூயார்க், பாரிஸ், பிரான்ஸின் ரிவியேரா கடற்கரை: இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்தது, சினிமாவிலும் வந்துவிட்டது. அதனால் தாண்டிப் போகிறேன்.

சரி, திருட்டு. 'கேட்ஸ்பி'யை ஸெல்டா எழுதினார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எதிரான ஆதாரமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த நாவலை ஸ்காட் பென்சிலில் எழுதிய முழுக் கையெழுத்துப் பிரதி பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது; அதன் நகல் பதிப்பும் வெளியாகியிருக்கிறது. அச்சுக்குப் போன பிறகு அவர் அத்தியாயங்களை எப்படி இடம் மாற்றினார், நாயகன் கேட்ஸ்பியின் பழைய கதையை எங்கே உடைத்துப் பிரித்து வைத்தார் என்பதையும் பிழைதிருத்தப் படிகளில் படிப்படியாகப் பார்க்க முடியும். எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் இருக்கிறது. ஸ்காட் வேறு தலைப்புகளில் தடுமாறிக்கொண்டிருந்தபோது இப்போதைய தலைப்பே நல்லது என்று சொன்னவர்களில் ஸெல்டாவும் ஒருவர். அதற்கு மேல் அவரை அந்த நாவலின் ஆசிரியராக்குவது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அவர் உண்மையில் எழுதியவை இருக்கும்போது, எழுதாத ஒன்றை எதற்காக அவர் தலையில் கட்ட வேண்டும்?

ஆனால் ஸெல்டாவின் எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் ஸ்காட் எடுத்துக்கொண்டார் என்பதும் அதே அளவுக்கு நிச்சயம். முதல் நாவலிலேயே, போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்ததைப் பற்றி ஸெல்டா எழுதிய காதல் கடிதத்தின் வரிகள் கிட்டத்தட்ட அப்படியே வருகின்றன. இரண்டாவது நாவலான 'தி பியூட்டிஃபுல் அண்ட் டேம்ன்ட்'இல் நாயகியின் நாட்குறிப்பு வரும். அதற்கு மூலம் ஸெல்டாவின் நாட்குறிப்பு. குழந்தை பிறந்து மயக்கம் தெளியும் வேளையில், இவள் அழகான சின்ன முட்டாளாக இருக்கட்டும் என்ற பொருளில் ஸெல்டா சொன்னதை ஸ்காட் குறித்து வைத்துக்கொண்டார். 'கேட்ஸ்பி'யில் நாயகி டெய்ஸி தன் மகளைப் பற்றிச் சொல்லும் புகழ்பெற்ற வசனம் அங்கிருந்து வந்ததுதான்.

இதைத் தெரிந்துகொள்ள ஸெல்டா காலம் எல்லாம் காத்திருக்கவில்லை. 1922 ஏப்ரலில் 'நியூயார்க் ட்ரிப்யூன்' பத்திரிகை, கணவரின் புது நாவலுக்கு மனைவியையே மதிப்புரை எழுதச் சொன்னது. விளையாட்டான யோசனைதான். ஸெல்டாவும் விளையாட்டாகவே எழுதினார்: கல்யாணமான கொஞ்ச நாளில் காணாமல்போன என் பழைய நாட்குறிப்பின் ஒரு பகுதியை ஒரு பக்கத்தில் பார்த்த மாதிரி இருக்கிறது, சில கடிதத் துண்டுகளும் எங்கேயோ கேட்டவை மாதிரி இருக்கின்றன, அடுத்தவர் எழுத்தை எடுப்பது வீட்டிலிருந்தே தொடங்குகிறது என்று திரு. ஃபிட்ஸ்ஜெரால்ட் நம்புகிறார் போலும். இருபத்தொரு வயதில் எழுதிய மதிப்புரை இது. பத்திரிகையில் அவருடைய பெயரில் வந்த முதல் சில எழுத்துகளில் ஒன்று. எவ்வளவு லேசான கை, எவ்வளவு சரியான அடி! படித்தவர்கள் சிரித்தார்கள், ஸ்காட்டும் ரசித்தார். அப்போது அது சண்டையாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுதுகிறவரின் மனைவி பேசியதும் எழுதியதும் கணவருடைய கச்சாப்பொருள் என்பதை அந்தக் காலத்தில் இரண்டு பேருமே ஏறக்குறைய ஏற்றுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

பெயர் போடும் விஷயத்தில்தான் பணம் உள்ளே வருகிறது. 1929 வாக்கில் ஸெல்டா 'காலேஜ் ஹ்யூமர்' பத்திரிகைக்காக இளம்பெண்களைப் பற்றி ஒரு கதை வரிசை எழுதினார். எழுதியது முதன்மையாக அவர். அச்சில் இருவர் பெயரும் வந்தது, ஏனென்றால் ஸ்காட் பெயர் இருந்தால் அதிக விலை. அந்த வரிசைக்காக எழுதிய 'எ மில்லியனேர்ஸ் கேர்ள்' கதையை ஏஜென்ட் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகைக்கு 4,000 டாலருக்கு விற்றார். 1930இல் அது ஸ்காட் பெயரில் மட்டும் வெளிவந்தது. 4,000 டாலர் என்பது அப்போது ஸ்காட்டின் கதைக்கு அந்தப் பத்திரிகை கொடுத்த உச்ச விலை. பணம் குடும்பத்துக்குத்தான் வந்தது, ஸெல்டாவுக்கும் விஷயம் தெரியும். சட்டப்படி இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எழுத்தாளர் உருவாக வேண்டிய வருடங்களில் அவருடைய மிக அதிக விலை போன கதை அவர் பெயரே இல்லாமல் வெளிவந்தால், அடுத்த கதையை அவரிடம் கேட்டு எந்தப் பத்திரிகை ஆசிரியர் கடிதம் போடுவார்?

எழுத்தில் இப்படி என்றால், தனக்கே தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஸெல்டா பிடித்துக்கொண்டது பாலே நடனத்தை. சின்ன வயதில் கற்றதை இருபத்தேழு வயதில் மறுபடி தொடங்கினார். பாரிஸில் லியுபோவ் எகோரோவா என்ற ரஷ்ய ஆசிரியையிடம் சேர்ந்து, நாளெல்லாம் பயிற்சி. பாலேவுக்கு அது மிகவும் தாமதமான வயது. இருந்தும் 1929 செப்டம்பரில் இத்தாலியின் நேப்பிள்ஸில் உள்ள சான் கார்லோ ஓபராவின் பாலே குழுவிலிருந்து அழைப்பு வந்தது, தனி நடனம் ஆடும் வாய்ப்போடு. அவர் போகவில்லை. அதற்கான காரணத்தை வெவ்வேறு விதமாக ஊகிக்கிறார்கள்; அந்த ஊகங்களில் நான் இறங்கவில்லை.

1930 ஏப்ரலில் உடைந்துபோனார். பாரிஸ் அருகே மால்மேசான் மருத்துவமனை, பிறகு சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் நியான் நகரத்தின் பிரான்ஜின்ஸ் மருத்துவமனை. டாக்டர் ஆஸ்கர் ஃபோரெல் அதை ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்றார். அந்தப் பெயரையே மருத்துவத்துக்குத் தந்த ஆய்கன் ப்ளாய்லர் நேரில் வந்து பார்த்து ஒத்துக்கொண்டார். உடம்பும் சேர்ந்து வதைத்தது. முகத்திலும் கழுத்திலும் கடுமையான எக்ஸிமா என்ற தோல் அழற்சி. ஏறத்தாழ பதினைந்து மாதம் அங்கே இருந்தார். அந்த நேரத்தில் நடந்த ஒன்றை நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். ஸெல்டாவின் நடனத் திறமை உண்மையில் எவ்வளவு என்று எகோரோவாவிடம் எழுதிக் கேட்டார்கள். மனம் விட்டுப்போகும்படி ஒரு பதில் வந்தால் பாலே ஆசை தீரும் என்பது எதிர்பார்ப்பு. ஆசிரியை நேர்மையாகப் பதில் எழுதினார்: தாமதமாகத் தொடங்கியதால் முதல் வரிசை நட்சத்திரமாக முடியாது, ஆனால் நல்ல நடனக்காரி ஆகலாம், பெரிய குழுவிலும் குறிப்பிடத்தக்க பாத்திரங்களை ஆடலாம். கேட்டவர்களுக்கு உதவாத பதில். பாலே அதோடு முடிந்தது.

இனி 1932. ஸெல்டா மறுபடி நோய்வாய்ப்பட்டு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஃபிப்ஸ் மனநல மருத்துவமனையில் பிப்ரவரியில் சேர்ந்தார். அங்கேயே, ஒன்றரை மாதத்துக்குள், ஒரு முழு நாவலை முடித்தார். பெயர் 'சேவ் மீ தி வால்ட்ஸ்'. கணவரிடம் காட்டாமல் நேராக பெர்கின்ஸுக்கு அனுப்பிவிட்டார். ஸ்காட்டுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவருக்கு இரண்டு குறைகள். ஒன்று, நாவலில் வரும் கணவனுக்கு ஸெல்டா முதலில் வைத்த பெயர் ஆமரி பிளெய்ன். அது ஸ்காட்டின் முதல் நாவலின் நாயகன் பெயர். இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்பேன். இன்னொன்று, தான் ஏழு வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் களத்தை, அதாவது ரிவியேரா, பாரிஸ், மனைவியின் நோய் எல்லாவற்றையும் ஸெல்டா எடுத்துக்கொண்டார் என்பது. அந்த நோய் ஸெல்டாவினுடையது. அந்த வாழ்க்கையில் பாதி ஸெல்டாவினுடையது. ஸ்காட்டின் மனதில் இது படவே இல்லை.

மாற்றங்கள் செய்து 1932 அக்டோபரில் ஸ்கிரிப்னர்ஸ் வெளியிட்டது. தன்னைக் கவனித்துக்கொண்ட டாக்டர் மில்ட்ரெட் ஸ்குவயர்ஸுக்கு ஸெல்டா அதைச் சமர்ப்பித்தார். அச்சடித்தது 3,010 பிரதி, விற்றது 1,392. ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது: ராயல்டியில் பாதி, 5,000 டாலர் வரை, பதிப்பகத்துக்கு ஸ்காட் பட்டிருந்த கடனில் வரவு வைக்கப்படும். கடைசியில் ஸெல்டாவுக்கு நாவல் சம்பாதித்துக் கொடுத்தது 120 டாலர் 73 சென்ட்.

இப்போது நான் முதலில் சொன்ன அந்தப் பதிவு. 1933 மே 28. பால்டிமோருக்கு வெளியே அவர்கள் குடியிருந்த 'லா பே' என்ற வாடகை வீடு. அறையில் ஸ்காட், ஸெல்டா, மனநல மருத்துவர் தாமஸ் ரென்னி, ஒரு சுருக்கெழுத்தர். பேசப்பட்டது அத்தனையும் தட்டச்சாகி 114 பக்கம் வந்தது. ஏற்பாடு செய்தவர் ஸ்காட். ஸெல்டா மனநோயைப் பின்னணியாக வைத்து இன்னொரு நாவல் எழுதத் தொடங்கியிருந்தார். அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் விவகாரம். நீ மூன்றாந்தர எழுத்தாளர், மூன்றாந்தர பாலே நடனக்காரி என்கிறார் ஸ்காட். நான்தான் தொழில்முறை நாவலாசிரியன், உன்னைச் சம்பாதித்துக் காப்பாற்றுகிறவன். நாம் செய்தது எல்லாமே என்னுடையது, அத்தனையும் என் கச்சாப்பொருள், உன்னுடையது எதுவுமே இல்லை என்கிறார். நாடகம் எழுதுவதானாலும் மனநோய் வரக்கூடாது, ரிவியேராவிலோ சுவிட்சர்லாந்திலோ நடக்கக்கூடாது, எதை எழுத நினைத்தாலும் முதலில் என்னிடம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார். ஸெல்டா ஓரிடத்தில், நாவலைத் தள்ளிவைக்கத் தயார், ஆனால் இப்படி ஒரு வாழ்க்கையை வாழ்வதைவிட மனநல விடுதியில் இருந்துவிடுவேன் என்கிறார். நோயாளி என்று பெயர் வாங்கிய ஒருவர், குடிபோதைக்கு அடிமையான கணவருக்கும் குறிப்பெடுக்கும் மருத்துவருக்கும் நடுவே உட்கார்ந்து, நான் எழுதலாமா கூடாதா என்று வாதாட வேண்டியிருந்தது. எந்த நாவலில் எந்த வரியை யார் எடுத்தார்கள் என்பதைவிட இந்த மத்தியானம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. எழுதிய ஒன்றை எடுத்துக்கொண்டால் எழுதியவர் இன்னொன்று எழுதலாம். இங்கே ஸ்காட் கேட்டது, ஸெல்டா இனிமேல் எழுதக்கூடியவற்றை.

1934 ஏப்ரலில் ஸ்காட்டின் 'டெண்டர் இஸ் தி நைட்' வந்தது. அதில் ஒரு மனநல மருத்துவரும் அவர் மணந்த நோயாளி நிக்கோலும் வருகிறார்கள். சுவிட்சர்லாந்து மருத்துவமனையிலிருந்து ஸெல்டா எழுதிய கடிதங்களின் சாயலும் சில சொற்களும் நிக்கோலின் கடிதங்களில் தெரிகின்றன. நாவல் அருமையான நாவல். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அடுத்து, ஸ்காட்தான் ஸெல்டாவை நோயாளி ஆக்கினாரா? இங்கே என் துறைக்கு வெளியே போகிறேன். நோய் பொய்யான குற்றச்சாட்டு அல்ல. பிரமைகள், தற்கொலை முயற்சிகள், பேச்சு அடங்கிப்போன நாட்கள் எல்லாம் பல ஊர்களில் பல மருத்துவர்களின் பார்வையில் நடந்தவை. பிறந்த வீட்டிலும் மனநோயின் தடம் உண்டு. அண்ணன் அந்தோணி 1933இல் தற்கொலை செய்துகொண்டார். ஆகவே, நன்றாக இருந்தவரை அடைத்துவைத்தார் என்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் ஸ்கிசோஃப்ரினியா என்ற முடிவு சரிதானா என்பது பிற்பாடு வந்த பலரும் சந்தேகப்பட்ட விஷயம். அன்று அந்தப் பெயருக்குள் இன்றைக்கு வேறு வேறாகப் பிரிக்கப்படும் பல நிலைகளைச் சேர்த்துவிட்டார்கள். இடையிடையே முழுத் தெளிவோடு எழுதவும் வரையவும் ஸெல்டாவால் முடிந்ததை வைத்து, உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருந்திருக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். இறந்த ஒருவருக்குக் காகிதங்களை வைத்து நோய்ப்பெயர் சூட்ட எனக்குத் தகுதி இல்லை. அன்றைய சிகிச்சையும் கொடுமையாகத்தான் இருந்தது. மனச்சிதைவுக்குப் பயன்படும் முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் 1950களில்தான் வந்தது; ஸெல்டாவின் காலத்தில் இன்சுலினை ஏற்றி ஆளை நினைவிழக்கச் செய்வதுதான் புதிய வைத்தியம். அதையும் அவர் அனுபவித்தார்.

குடியும் ஓயாத சண்டையும் நோயை மோசமாக்கியிருக்குமா என்றால், ஆக்கியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மகள் ஸ்காட்டி பிற்பாடு எழுதியதையும் படிக்க வேண்டும். அப்பாவின் குடி அம்மாவை மருத்துவமனைக்கு அனுப்பியது என்பதையும் நான் நம்பவில்லை, அம்மா அப்பாவைக் குடிக்க வைத்தார் என்பதையும் நம்பவில்லை என்றார் அவர். இரண்டாவது கதையைப் பரப்பியதில் எழுத்தாளர் ஹெமிங்வேக்குப் பெரிய பங்கு. அவர் இறந்த பிறகு 1964இல் வெளிவந்த பாரிஸ் நினைவுக்குறிப்பில், கணவரின் எழுத்தின்மேல் பொறாமைப்பட்டு அவரைக் குடிக்க இழுத்தவராக ஸெல்டாவைக் காட்டுகிறார். ஹெமிங்வே எழுதினார் என்பதாலேயே அதை இன்றும் பலர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்காட் கல்யாணத்துக்கு முன்பே குடிகாரர். 1924 கோடையில் ரிவியேராவில் ஒரு பிரெஞ்சு விமானியோடு ஸெல்டாவுக்கு உறவு இருந்தது என்ற கதையும் இதே ரகம். நெருக்கம் இருந்தது நிச்சயம், ஆனால் அதற்குமேல் எதுவும் இல்லை என்று அந்த மனிதரே பின்னாளில் மறுத்தார்.

ஸ்காட்டின் பக்கமும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் ஸெல்டாவைக் கைவிடவில்லை. நல்ல மருத்துவமனைகளாகத் தேடினார், அவற்றின் கட்டணத்துக்காகவே பத்திரிகைக் கதைகளை எழுதித் தள்ளினார், கடைசியில் ஹாலிவுட்டில் போய்ச் சம்பளத்துக்கு உட்கார்ந்தார். 1939க்குப் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை, ஆனாலும் கடிதங்கள் நிற்கவில்லை. அந்தக் கடைசி வருடக் கடிதங்களில் உள்ள பரிவைப் படித்தால் 1933இன் மனிதர்தானா இவர் என்று இருக்கும். இரண்டும் ஒரே மனிதர்தான், அதை ஏற்றுக்கொண்டுதான் இவர்களைப் படிக்க வேண்டியிருக்கிறது.

நாவலை விட்ட பிறகு ஸெல்டா ஓவியத்தில் ஊன்றினார். 1934 மார்ச் கடைசியில் நியூயார்க்கில் கேரி ராஸ் என்பவர் தன் காட்சிக்கூடத்தில் அவருடைய படங்களை வைத்தார். நடனக்காரர்களின் கால்களும் பாதங்களும் உடம்புக்குப் பொருந்தாமல் வீங்கிப் பெருத்திருக்கும். அழகான பாலே படம் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது விகாரமாகப் பட்டிருக்கும். பயிற்சி முடிந்து உட்காரும் ஒருவருக்குத் தன் கால் எப்படிக் கனக்கும் என்பதை வரைந்திருக்கிறார் என்று நான் பார்க்கிறேன். ஸ்காட்டை முள்முடியோடு வரைந்த படமும் இருந்தது. எழுத்தாளர் டோரதி பார்க்கர் சில படங்களை வாங்கினார். பத்திரிகைகளோ வந்தது ஒரு பிரபலத்தின் மனைவி என்ற அளவிலேயே எழுதின. பின்னால் நியூயார்க், பாரிஸ் நகரக் காட்சிகள், பைபிள் காட்சிகள், தேவதைக் கதைகள் என்று நிறைய வந்தன. மகளுக்காக அவர் வெட்டி வண்ணம் தீட்டிய காகிதப் பொம்மைகளும் உண்டு. காகிதப் பொம்மைகளைக் கைவேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். உடைகளின் மடிப்புகளிலும் நிறத்திலும் அவருடைய கை எவ்வளவு சுதந்திரமாக ஓடுகிறது என்பது அவற்றில்தான் நன்றாகத் தெரிகிறது.

1936 முதல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் ஹைலேண்ட் மருத்துவமனை. 1940 ஏப்ரலில் அங்கிருந்து வெளியே வந்து மாண்ட்கமரியில் அம்மாவோடு வாழத் தொடங்கினார். அதே வருடம் டிசம்பர் 21இல் ஸ்காட் மாரடைப்பில் இறந்தார், வயது 44. உலகம் மறந்துபோன எழுத்தாளராகவே இறந்தார். 'கேட்ஸ்பி' அப்போது விற்பனையே இல்லாமல் கிடந்தது. பிறகு போர்க்காலத்தில் ராணுவ வீரர்களுக்கான மலிவுப் பதிப்பாக அதன் 155,000 பிரதிகள் வழங்கப்பட்டன, மறுவாழ்வு வந்தது. ஸெல்டா அந்த எட்டு வருடமும் வரைந்தார், 'சீசர்ஸ் திங்ஸ்' என்ற இரண்டாவது நாவலை எழுதிக்கொண்டிருந்தார், உடம்பு சரியில்லை என்று தோன்றும்போது தானாகவே ஹைலேண்டுக்குப் போய்வந்தார். கடைசியாகப் போனது 1947 நவம்பரில். 1948 மார்ச் 10 நள்ளிரவில் அந்தக் கட்டடத்தின் சமையலறையில் தீப்பிடித்தது. சாப்பாட்டுத் தட்டுகளை மேல்மாடிக்கு ஏற்றும் சிறு லிஃப்டின் குழாய்வழியாகத் தீ எல்லா மாடிக்கும் ஏறியது. வெளிப்புறத்து மரப்படிகளும் எரிந்தன. இறந்த ஒன்பது பெண்களில் ஸெல்டா ஒருவர். இரண்டாவது நாவல் முடியாமலே நின்றது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, மாணவர்கள் அடுத்துக் கேட்பது: அப்படியானால் ஸெல்டா பெரிய எழுத்தாளரா? 'சேவ் மீ தி வால்ட்ஸ்' சீரான நாவல் அல்ல. முதல் பகுதியில் உவமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டும். அன்றைய மதிப்புரையாளர்களும் அதைத்தான் சொன்னார்கள், எழுத்துப்பிழைகள்கூடத் திருத்தப்படாமல் அச்சானது வேறு. ஆனால் மூன்றாம் பகுதியில் நாயகி அலபாமா பாரிஸில் பாலே கற்கத் தொடங்கியதும் நடை இறுகிவிடுகிறது. முழங்காலுக்கு மேலே தசை கிழிந்து நீலம் பாரித்த இடங்கள், ராத்திரி ராத்திரி எண்ணெய் தேய்ப்பது, பாதம் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக இரும்புக் கட்டிலின் கம்பிகளுக்குள் கால்களை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் தூங்குவது. ஒரு கலை உடம்பை என்ன செய்யும் என்பதை வெளியிலிருந்து பார்த்தவரால் இப்படி எழுத முடியாது, ஸ்காட்டாலும் முடிந்திருக்காது. நான்காம் பகுதியில் அலபாமாவுக்கு நேப்பிள்ஸ் குழுவில் வேலை கிடைக்கிறது. தன் வாழ்க்கையில் போகாத இடத்துக்கு ஸெல்டா தன் நாயகியை அனுப்பிவைக்கிறார். அங்கே ஆட வைத்து, பிறகு காலில் விஷமேறி ஆட்டம் முடிந்துபோகிறது என்று கதையை நகர்த்துகிறார். சொந்தக் கதையை அப்படியே எழுதினார் என்று ஸ்காட் குறைபட்ட நாவலில், மிக முக்கியமான திருப்பம் ஸெல்டா கற்பனை செய்தது. தன் வாழ்க்கையை அப்படியே இறக்கிவைக்காமல், ஒரு நாவலாசிரியராக உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

'கேட்ஸ்பி'யை இனிப் படிக்கலாமா என்று நீங்கள் கேட்டால், தாராளமாகப் படியுங்கள், அது ஸ்காட்டின் நாவல்தான். ஸெல்டாவைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நேராக ஸெல்டாவிடம் போங்கள். முதலில் 1922 மதிப்புரை; இரண்டு மூன்று பக்கம்தான். பிறகு 1932இல் 'ஸ்கிரிப்னர்ஸ்' பத்திரிகையில் அவர் பெயரிலேயே வந்த 'எ கப்பிள் ஆஃப் நட்ஸ்' சிறுகதை. அப்புறம் நாவல், முதல் பகுதி தடுக்கினால் மூன்றாம் பகுதியில் தொடங்கி, பிடித்துப்போனால் முன்னால் திரும்புங்கள். இவை மூன்றும் 1991இல் வந்த அவருடைய தொகுப்பு எழுத்துகளில் ஒரே புத்தகமாகக் கிடைக்கின்றன. நான்ஸி மில்ஃபோர்ட் 1970இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் எல்லாரும் முதலில் படிக்கிறார்கள். அப்படிப் படித்தவர்களுக்கு நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்காட்டின் முகமே தெரிகிறது, அலபாமா தெரிவதில்லை.